பழைய குளிரைச் சொல்லும் பனிக்கட்டி



பால் வெட்டிய மரத்தின் பட்டையைப் பார்த்தே, அதில் எவ்வளவு காலம் கத்தி பட்டிருக்கிறது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். அதுபோல, இலட்சம் ஆண்டுகளுக்கு முன் துருவப் பகுதியில் எவ்வளவு குளிர் இருந்தது என்று சொல்ல முடியுமா? அன்று வெப்பமானி ஏது? ஆயினும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சி பனிக்கட்டி.

வடக்கே கிரீன்லாந்தின் உட்பகுதியிலும், தெற்கே அண்டார்டிக்காவிலும் விழும் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. ஓராண்டுப் பனியின்மேல் மறு ஆண்டுப் பனி படிகிறது. அடியில் உள்ளது அழுந்தி, இறுகிக் கட்டியாகிறது. ஆகவே, ஆழம் போகப் போகப் பழைய காலம்.

சரி, குளிரை அறிவது எப்படி? தண்ணீரில் பிராணவாயு அணுக்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. ஏறத்தாழ 500 அணுக்களில் ஒன்று சற்றுக் கனமானது. இப்படி எடையில் வேறுபடும் ஒரே இன அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள்.

கடலிலிருந்து எழுந்த நீராவி துருவத்தை நோக்கிப் போகும் வழியெல்லாம் மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. கனமான அணுவைக் கொண்ட நீரே அதிகமாக முந்தி இறங்கும். காற்று எவ்வளவு குளிர்கிறதோ, அவ்வளவுக்கு நீரை வழியிலேயே உதிர்த்துவிடும். எனவே, கடுங்குளிர்க் காலத்தில் துருவத்தில் விழுந்த பனியில் கனமான அணுக்கள் குறைந்திருக்கும். வெப்பக் காலத்துப் பனியில் கூடியிருக்கும். இரகசியம் இவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட். 1952ஆம் ஆண்டில் அவர் ஒரு பீர் போத்தலில் புனலைச் செருகி, புல்தரையில் வைத்து மழைநீரைப் பிடித்தார். முகிலின் குளிர் மாறியபோது நீரில் கனமான அணுக்களின் அளவும் மாறக் கண்டார். பழைய பனிக்கட்டியிலும் இந்தக் கணக்குப் பலிக்கும் என்று எண்ணினார்.

1966இல் அமெரிக்கர்கள் கிரீன்லாந்தில் ஏறத்தாழ 1,390 மீட்டர் ஆழம் துளையிட்டு, உருளை உருளையாகப் பனிக்கட்டியை எடுத்தனர். டான்ஸ்கார்ட் குழுவினர் அதை ஆராய்ந்தனர். ஏறத்தாழ இலட்சம் ஆண்டுகளின் வெப்பமும் குளிரும் அதில் பதிந்திருந்தன! பின்னர் அண்டார்டிக்காவில் எடுத்த பனிக்கட்டி 8 இலட்சம் ஆண்டுக் கதையைச் சொன்னது.

அந்தக் கதையில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன், கிரீன்லாந்தின் வெப்பம் ஒரு மனிதனின் ஆயுளுக்குள்ளேயே பல பாகை உயர்ந்துவிட்டது. தட்பவெப்பம் எப்போதும் மெல்லத்தான் மாறும் என்று நாம் நம்பியிருக்க முடியாது.

இன்னொன்று. பனிக்கட்டிக்குள் பழைய காற்றும் குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கிறது. ஆலைகள் பெருகுவதற்கு முந்திய அந்த 8 இலட்சம் ஆண்டுகளில், கரியமில வாயு காற்றின் 10 இலட்சம் பங்கில் ஏறத்தாழ 300 பங்குக்கு மேல் போனதில்லை. இன்றோ 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததே இதற்கு முதற்காரணம்.

எங்கோ கிடக்கும் பனி நமக்கு என்ன என்று கேட்கலாமா? நிலத்தின்மேல் உள்ள அந்தப் பனி உருகினால் உயர்வது, நம் கரையைத் தொடும் இதே கடல்தான். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.