கொடுமுடி கோகிலம்

மெர்சிங் படகுத்துறையில் நின்றுகொண்டு, தியோமான் தீவுக்குப் புறப்பட்டுவிட்ட படகில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். காற்று எதிர்த்து வீசினால் உங்கள் குரல் சில அடி தூரத்திலேயே கரைந்துவிடும். தொண்டை வலிக்கக் கத்தினாலும் அவர் காதில் விழுவது வெறும் ஓசைதான், சொல் விழாது. இனி, இதே போன்ற திறந்தவெளியில், கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி இரவு முழுவதும் பாட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கி இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ் நாடக மேடையில் நடித்தவர்களின் அன்றாட வேலை இதுதான். அந்த வேலையில் வளர்ந்து, பிறகு திரையிலும் தனியிடம் பெற்றவர் கே.பி. சுந்தராம்பாள்.

அவருடைய பெயரின் முன்னெழுத்துகளே ஒரு செய்தியைச் சொல்கின்றன. ‘கே’ என்பது காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்னும் ஊர். ‘பி’ என்பது பாலாம்பாள். அவருடைய தாயாரின் பெயர். 1908ஆம் ஆண்டு பிறந்த சுந்தராம்பாளின் இளமை வறுமையில் கழிந்தது. சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு பெற்றார் என்பதும், அந்தக் குரலைக் கேட்டு வியந்தவர்கள் வழியாகவே நாடகக் குழுவில் சேர்ந்தார் என்பதும் அவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் செய்திகள். முதலில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக நடித்துப் பெயர் பெற்றார். பசியை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கால நாடகத்தைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கலைஞரின் திறமை நமக்கு விளங்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். மூங்கில் கொட்டகை, கியாஸ் விளக்கு, மேடையோரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் எழுதிய நாடகங்களில் உரையாடலைவிடப் பாட்டே மிகுதி. அழுகை, சண்டை, கேலி, வாதம் எல்லாமே பாட்டாகத்தான் வரும். மக்களும் நாடகம் ‘பார்க்க’ வந்தார்கள் என்பதைவிடக் ‘கேட்க’ வந்தார்கள் என்பதே பொருத்தம். ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் “ஒன்ஸ் மோர்!” என்று கூச்சல் எழும், கதை அங்கேயே நிற்கும், இறந்து கிடக்கும் பாத்திரமாக இருந்தாலும் எழுந்து மறுபடி பாட வேண்டியதுதான்.

‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஒரு முறையும் இருந்தது. அதில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார். இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் நேரே மேடையேறிவிடுவார்கள். அன்றிரவு இருவருக்குள் யார் குரல் மேலோங்குகிறது என்பது ஒரு போட்டியாகவே நடக்கும். கட்டணம் கொடுத்து வந்த மக்களுக்கு அந்தப் போட்டியும் ஒரு விருந்து.

ஒலிவாங்கி இல்லாமல் குரல் எப்படிக் கடைசி வரிசையை எட்டியது? பாடகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்பது ஒரு காரணம். ஆர்மோனியக் கட்டைகளை வைத்துச் சுருதியைக் குறிப்பிடுவது நம் வழக்கம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். மேடை நடிகர்களோ தங்களால் இயன்றவரை மேலே போனார்கள். இதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. மனிதக் காது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மிகக் கூர்மையாக உணர்கிறது. கணீரென்று ஒலிக்கும் குரலில் அந்த அளவிலுள்ள ஒலிகள் வலுவாக இருப்பதால், கூட்டத்தின் சலசலப்பைத் தாண்டி அது காதில் விழுகிறது. சுருதி மட்டும் போதாது, உச்சரிப்பும் வேண்டும். சுந்தராம்பாள் பாடும்போது ழகரமும் றகரமும் ஒன்றோடொன்று குழம்புவதே இல்லை. பழைய இசைத்தட்டுகளின் இரைச்சலுக்கு நடுவிலும் இதை நாம் இன்று கேட்டறியலாம்.

கடல் கடந்த தமிழர்களும் இந்த நாடகங்களுக்கு ஏங்கினார்கள். தமிழகத்துக் குழுக்கள் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் எனக் கப்பலேறி வந்து நாடகம் நடத்திய காலம் அது. சுந்தராம்பாளின் வாழ்க்கையைத் திருப்பிய ஊரும் கடலுக்கு அப்பால்தான் இருந்தது. 1926இல் கொழும்பில் நடந்த நாடகங்களில் அவருடன் நடிக்கச் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா வந்தார். ஆண்களுக்கு வழக்கமான சுருதியை விட்டு வெகுவாக மேலேறி, பெண் குரலுக்கு இணையாகப் பாடக்கூடியவர் அவர். இருவரும் ஏறத்தாழ ஒரே சுருதியில் நின்று மாறி மாறிப் பாடியபோது, மக்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டார்கள். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இல்வாழ்க்கையில் பிரிவும் மனக்கசப்பும் இருந்தன. 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில், கிட்டப்பா காலமானார். திரைப்படம் எதிலும் நடிக்காமலே மறைந்த அவரை இன்று நாம் இசைத்தட்டுகளில் மட்டுமே கேட்க முடிகிறது.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அவர் வெள்ளைச் சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு அணிந்தார். இனி எந்த ஆணுக்கும் இணையாகக் காதல் வேடத்தில் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இறுதிவரை அதை மீறவில்லை.

இந்த உறுதியைப் பலர் தியாகம் என்று போற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அதன் மறுபக்கத்தையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவனை இழந்த இளம்பெண்ணுக்கு அன்றைய சமுதாயம் திறந்துவைத்திருந்த கதவுகள் மிகச் சில. அவளே நடிகையாகவும் இருந்துவிட்டால், வாய்க்கு வந்ததைப் பேச ஊர் காத்திருக்கும். அந்த வெள்ளைச் சேலை அவருக்குத் துயரத்தின் அடையாளமாக இருந்தது. அதுவே ஒரு கவசமாகவும் இருந்தது என்று கருத இடமுண்டு. அதே வேளையில், அவர் கொடுத்த விலையும் பெரியது. மேடையில் அவருக்குப் புகழ் தந்த நாடகங்களை நினைத்துப் பாருங்கள். வள்ளி, முருகனின் காதலி. பவளக்கொடி, அர்ச்சுனனின் காதலி. கதாநாயகி என்றாலே காதலி என்றிருந்த காலத்தில், ஒரு நடிகை காதல் வேடமே வேண்டாம் என்றால் அவருக்கு மிஞ்சுவது என்ன?

மிஞ்சியவற்றைக் கொண்டே அவர் அடுத்த நாற்பது ஆண்டுகளைக் கட்டினார்.

முதலில் வந்தது ஆண் வேடம். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகி, சிதம்பரம் நடராசரைக் காண ஏங்கிய நந்தனாரின் கதையைப் படமாக எடுக்க விரும்பிய அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர், சுந்தராம்பாளை நந்தனாராகவே நடிக்க அழைத்தார். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. கேட்டவர் ஓடிவிடட்டும் என்று எண்ணி ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டாராம். தயாரிப்பாளரோ மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டாராம். பேரம் நடந்த விதம் எப்படியிருப்பினும், ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற முதல் இந்தியத் திரைக்கலைஞர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1935இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. புகழ்பெற்ற கருநாடக இசைக்கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் நந்தனாரின் பண்ணையாராக, வேதியராக நடித்தார். பாட்டுக்குக் குறைவில்லை. நடிப்பைத்தான் எல்லாரும் ஏற்கவில்லை. மரங்களும் எருமையும் ஆடும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுத்தாளர் கல்கி குறும்பாக விமர்சனம் எழுதினார். மேடைக்குப் பழகிய உடலைக் கேமராவுக்குப் பழக்குவது அவ்வளவு எளிதன்று.

இதோடு ஒப்பிடத் தக்க ஒருவர் உலகின் மறுகோடியில் இருந்தார். அமெரிக்காவின் நியூயார்க்கிலுள்ள பிராட்வே அரங்குகள் இசை நாடகங்களுக்குப் பெயர்பெற்றவை. அங்கே கொடிகட்டிப் பறந்த நடிகையும் பாடகியுமான எத்தல் மெர்மனும் 1908இல் பிறந்தவர்தான். அவரும் முறையாக இசை பயிலாதவர். அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக வேலை செய்தவர். 1930இல் ‘கேர்ள் கிரேஸி’ என்னும் நாடகத்தில் ஒரே இரவில் புகழடைந்தார். ஒலிவாங்கியின்றி அரங்கின் கடைசி இருக்கை வரை எட்டும் குரல் என்பதே அவருடைய அடையாளம். 1946இல் அவர் நடித்த ‘ஆனி கெட் யுவர் கன்’ 1147 முறை மேடையேறியது. ஆயினும், திரைப்படம் அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1959இல் ‘ஜிப்சி’ நாடகத்தில் அவர் உருவாக்கிய வேடம்கூட, 1962இல் படமானபோது வேறொரு நடிகைக்குப் போனது. மெர்மன் நான்குமுறை மணம் புரிந்தவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். மேடையில் அவருக்குக் கிடைத்த வேடங்களை அது குறைத்துவிடவில்லை. சுந்தராம்பாளுக்கோ வாழ்க்கையில் நேர்ந்த ஓர் இழப்பே வேடங்களைத் தீர்மானித்தது.

அந்த வேடங்களை வரிசையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1940இல் ‘மணிமேகலை’: இளவரசன் உதயகுமாரனின் காதலை மறுத்துத் துறவு பூண்டவள். 1953இல் ‘ஔவையார்’: திருமணம் வேண்டாம் என்று விநாயகரை வேண்டி, இளமையிலேயே முதுமைக் கோலம் பெற்றதாகக் கதையில் வருபவர். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள்: கோவலனுக்கும் கண்ணகிக்கும் துணையாக மதுரைக்கு நடந்த சமணத் துறவி. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’: இளமையழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற சிவனடியார். காதலி வேடத்தை மறுத்த நடிகைக்குத் தமிழ் இலக்கியமே வேடங்களை எடுத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. துணை வேடங்களுக்குள் ஒதுங்க வேண்டிய ஒருவர், படத்தின் பெயரையே தாங்கும் பாத்திரமாக நின்றார்.

இவற்றுள் ஔவையாரே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தார். ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ். வாசன் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த படம் அது. அதற்கு முன்பே மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்றவர் ஓர் ஆண். ‘ஔவை’ சண்முகம் என்றே அழைக்கப்பட்ட டி.கே. சண்முகம். நந்தனாராகப் பெண்ணும் ஔவையாராக ஆணும் நடித்ததைத் தமிழ் மக்கள் இயல்பாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்! தொடக்கப்பள்ளியில் ஆத்திசூடியைப் படித்தபோது உங்கள் மனத்தில் எழுந்த ஔவையாரின் உருவம் எது? கையில் கோல், நெற்றி நிறையத் திருநீறு, கம்பீரமான குரல் என்றால், அதில் சுந்தராம்பாளுக்கும் பங்கு உண்டு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களை அறிந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அவருடைய குரல் அரசியல் மேடையிலும் ஒலித்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் தேசியப் பாடல்களைப் பாடிக் கூட்டங்களுக்கு மக்களைத் திரட்டினார். 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் இவரே என்பர். காங்கிரஸ்காரரும் பக்தருமான அவர், தி.மு.க. தலைவர்களுள் ஒருவரான மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் நடித்தார் என்பதையும் இங்கு நினைக்கலாம்.

1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1980 செப்டம்பர் 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

சுந்தராம்பாளைக் கேட்க விரும்பும் மாணவர்கள் 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்திலிருந்து தொடங்கலாம். ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் பழனி மலைக்கு வந்துவிட்ட முருகனை ஔவையார் சமாதானப்படுத்தும் காட்சி அது. அவர் அதிகம் அசைவதில்லை. கோலை ஊன்றி நின்றபடி, முதல் சொல்லை எடுத்தவுடனே குரலை மேலே நிறுத்திவிடுகிறார். அப்போது அவருக்கு வயது 56. எதிரில் ஒலிவாங்கியும் வந்துவிட்டது. ஆனாலும், கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடும் பழக்கம் போகவில்லை. அந்தக் காலத்தில் திரையில் நடிப்பவர் ஒருவர், அவருக்காகப் பாடுபவர் இன்னொருவர் என்ற பின்னணிப் பாடல் முறை வேரூன்றிவிட்டது. சுந்தராம்பாளோ தம் பாத்திரத்துக்குத் தாமே பாடி வந்தார். 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, ‘துணைவன்’ படத்துக்காக அவருக்கே கிடைத்தது. யாருக்கும் பின்னால் நின்று பாடாத ஒருவருக்குக் கிடைத்த பின்னணிப் பாடகி விருது அது.