கண்ணுக்குத் தெரிவதும் கைவசம் இருப்பதும்

சம்மாந்துறை வயல்களுக்குப் பாயும் நீர் அவ்வயல்களிலே ஊறியது அன்று. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ், மேற்கே இங்கினியாகலையில் அணை கட்டித் தேக்கிய சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியே வருவது. மடையில் நீரைக் கண்ட ஒவ்வோர் ஊரும் அக்குளம் முழுவதையும் தன் இருப்பாக எழுதிக்கொண்டால், ஒரே நீர் பன்முறை எண்ணப்படும். கணினியின் சேமிப்பிடத்தைக் கணக்கிடும்போதும் இத்தகைய பிழை நேர்வதுண்டு.

கணினியின் சொந்த வன்தட்டில் உள்ளவை உள்ளகக் கோப்புகள். வேறிடத்திலுள்ள சேவையகத்தின் கோப்புறையையும் வலையமைப்பின் வழியாக அதனோடு பொருத்திக்கொள்ளலாம். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறை இதற்குப் பெயர்பெற்றது. தொலைவிலுள்ள கோப்பும் அருகிலிருப்பது போலவே தோன்றுவது அதன் சிறப்பு. குழப்பத்திற்குக் காரணமும் அதுவே.

கல்முனையில் ஓர் அலுவலகத்திலே பத்துக் கணினிகளும் ஒரு சேவையகமும் உள்ளன என்று கொள்க. ஒவ்வொரு கணினியிலும் 50 ஜிகாபைட், சேவையகத்தில் 400 ஜிகாபைட் கோப்புகள் இருப்பின், மொத்தம் 900 ஜிகாபைட். ஆனால் பத்துக் கணினிகளும் சேவையகத்தைத் தம்முடையதாக எண்ணினால், கணக்கு 4,500 ஆகிவிடும்.

இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. லினக்ஸ் கணினியில் 'டிஎஃப்' என்னும் கட்டளை ஒவ்வொரு சேமிப்பிடமும் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும். சேவையகத்தின் பெயரும் அதன்பின் முக்காற்புள்ளியும் காணப்பட்டால், அல்லது பெயருக்கு முன் இரட்டைச் சாய்கோடு நின்றால், அது தொலைவிலுள்ளது. அக்கட்டளையோடு 'எல்' என்னும் தெரிவைச் சேர்த்தால் உள்ளகச் சேமிப்பிடங்கள் மட்டுமே வரும். கோப்புறைகளை அளக்கும் 'டியூ' கட்டளையோடு 'எக்ஸ்' என்னும் தெரிவைச் சேர்த்தால், தொடங்கிய சேமிப்பிடத்தை விட்டு அது வெளியே செல்லாது. ஆயின், அதே கணினியில் பொருத்திய இரண்டாவது தட்டையும் அது விட்டுவிடும் ஆதலின், அதனைத் தனியே அளத்தல் வேண்டும்.

கணக்குப் பிழையினும் பெரிய இடர்கள் இரண்டு உள. தன் தட்டில் இடம் தேடி ஒருவர் பொருத்திய கோப்புறையை அழித்தால், அவருக்கு ஓர் அணுவளவு இடமும் கிடைக்காது. சேவையகத்தில் உள்ள அனைவரின் கோப்புகளும் அழியும். இனி, ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் தெரிவதைக் கண்டு இரண்டு பிரதிகள் உள்ளன என்று நம்புவதும் தவறு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளைத் தாக்கியது. அத்தகைய நாளில், பத்துக் கணினிகளில் தெரிந்த பதிவேடு கரையோரச் சேவையகம் ஒன்றிலே மட்டும் இருந்திருப்பின், அதனோடு அதுவும் போய்விடும்.

ஆதலால், எண்ணுமுன்னும் அழிக்குமுன்னும் 'இக்கோப்பு எங்கே இருக்கிறது?' என்று வினவுதல் வேண்டும். எத்தனை என்னும் கேள்வி அதற்கு அடுத்ததே.