ஊகமும் களவும்

1982-ஆம் வருஷம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து மணற்பாலைவனம் ஒன்றில், ஒரு சினிமாக் கூட்டத்தார் முகாம் போட்டுப் படம் பிடித்தார்கள். அவர்களுடைய குல்லாய்களிலும் சட்டைகளிலும் "ப்ளூ ஹார்வெஸ்ட்" என்ற பெயர் அச்சிட்டிருந்தது. 'நீல அறுவடை' என்று அதற்குப் பொருள். கற்பனைக்கு எட்டாத பயங்கரம் என்று பெயருக்குக் கீழே ஒரு வாசகமும் காணப்பட்டது. ஏதோ பேய்க் கதை போலும் என்று பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டு போக வேண்டும் என்பதே ஏற்பாடு. உண்மையில் அக்கூட்டத்தார் அப்படி ஒரு படத்தை எடுக்கவே இல்லை. அவர்கள் எடுத்தது, பல தேசங்களிலும் பிள்ளைகளும் பெரியவர்களும் மூன்று வருஷமாக எதிர்பார்த்துக் காத்திருந்த 'ஸ்டார் வார்ஸ்' கதையின் மூன்றாம் படம்.

கடன்காரன் பெயரை மாற்றிக்கொள்வதுண்டு; கள்வன் மாற்றிக்கொள்வதுண்டு. ஒரு சினிமாப் படம் எதற்காகப் புனைபெயர் பூண வேண்டும்? காரணம் இரண்டு. உண்மைப் பெயர் தெரிந்தால் சாமான் விற்கும் வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது ஒன்று. ரசிகர்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள், கதையின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பயத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

கதையை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1977-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, ஜார்ஜ் லூகாஸ் என்ற டைரக்டரின் 'ஸ்டார் வார்ஸ்', அதாவது 'நட்சத்திர யுத்தங்கள்', என்ற படம் வெளியாயிற்று. அதை விஞ்ஞானக் கதை என்பதைவிட விண்வெளிப் புராணம் என்பதே பொருந்தும். ஒரு கொடுங்கோல் சாம்ராஜ்யம். அதை எதிர்த்துக் கிளம்பிய ஒரு சிறு கூட்டம். அதில் சேர்ந்த லூக் என்ற வாலிபன். சாம்ராஜ்யத்தின் சேனைக்கு முன் நிற்பவன் டார்த் வேடர். பெயரைக் கேட்டதும், நம் கண்ணப்ப நாயனார் குலத்தவன் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த வேடரிடம் வில்லும் இல்லை, பக்தியும் இல்லை. கரிய கவசம், கரிய முகமூடி, அதனுள்ளிருந்து வரும் பெருமூச்சு, இவைதாம் உண்டு. தன் தகப்பனைக் கொன்றவன் இந்த வேடர்தான் என்று முதற்படத்தில் லூக்குக்குச் சொல்லப்படுகிறது.

1980-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரண்டாவது படம் வந்தது. அதன் உச்சக் கட்டத்தில், ஒரு கையை இழந்து அந்தரத்தில் தொங்கும் லூக்கிடம், அவன் தந்தை வேறு யாரும் அல்ல, தானே என்று வேடர் சொல்லிவிடுகிறான். கொட்டகைகளில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு ரசமானது. வேடரின் கவசத்துக்குள் நின்றவர் டேவிட் ப்ரௌஸ் என்ற நெடிய ஆங்கிலேயர். குரல் அவருடையதன்று, ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நடிகரின் கம்பீரமான குரலைப் பிற்பாடு சேர்த்தார்கள். இந்த வசதியை அவர்கள் சாமர்த்தியமாக உபயோகித்துக்கொண்டார்கள். லூக்கின் குருவே அவன் தந்தையைக் கொன்றவர் என்று ஒரு பொய் வசனத்தை ப்ரௌஸிடம் கொடுத்துப் பேசச் செய்தார்கள். சுற்றி நின்ற தொழிலாளிகள் யாவரும் அதையே கேட்டார்கள், அதையே நம்பினார்கள். லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கு மட்டும், அக்காட்சியைப் பிடிப்பதற்குச் சற்று முன்னர், டைரக்டர் கெர்ஷ்னர் உண்மையைச் சொன்னார். ஆகவே வேடர் வாய் ஒன்றைச் சொல்ல, லூக்கின் முகம் வேறொன்றைக் கேட்டது!

இத்தனை காவலும் போட்டவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். படம் வருவதற்கு முன்பே அதன் கதையைப் புத்தகமாக விற்பனைக்கு விட்டார்கள். அதில் அந்த ரகசியம் கறுப்பும் வெளுப்புமாக அச்சாகியிருந்தது. 1999-இலும் இதே கூத்து நடந்தது. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு அந்த மே மாதம் 19-ந் தேதி புதிய படம் வெளிவர இருந்தது. பதினைந்து நாள் முன்னதாக அதன் சங்கீதத் தட்டு கடைக்கு வந்தது. குவை-கான் என்ற வீரரின் உத்தம மரணத்தையும் ஈமச் சடங்கையும் பாட்டுகளின் பெயர்களாகவே அட்டையில் போட்டிருந்தார்கள். வாசலில் ஏழு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்!

1980-க்கும் 1983-க்கும் இடைப்பட்ட மூன்று வருஷங்களில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஊகித்தார்கள். வேடர் சொன்னது மெய்யா, லூக்கை மயக்கச் சொன்ன பொய்யா? வேடருக்குக் குரல் கொடுத்த ஜோன்ஸே, அந்த வசனத்தைப் படித்தபோது, இவன் பொய் சொல்லுகிறான் என்றுதான் தாம் நினைத்ததாகப் பின்னால் கூறினார். லூக்கைத் தவிர இன்னொருவரும் இருப்பதாக யோடா என்ற முதிய குரு சொன்னாரே, அவர் யார்? உறைய வைத்து எடுத்துப் போகப்பட்ட ஹான் சோலோ உயிருடன் மீள்வானா? இப்படி வாதமிடுவதற்காகவே பிள்ளைகள் பழைய படங்களை மறுபடியும் மறுபடியும் பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பொருள் கண்டார்கள். நம் உரையாசிரியர்கள் சூத்திரங்களுக்குச் செய்ததை அவர்கள் ஒரு சினிமாக் கதைக்குச் செய்தார்கள்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. விடை ஏதோ ஒரு பெட்டியில் ஆதி முதல் பத்திரமாக இருக்கிறது என்றே ஊகிப்பவர்கள் எப்போதும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி அன்று. இரண்டாவது படத்துக்கு முதல் நகல் எழுதியவர் லீ ப்ராக்கெட் என்ற அம்மையார். 1978-ஆம் வருஷத் தொடக்கத்தில் எழுதிய அந்நகலில் லூக்கின் தந்தை ஆவி உருவில் வந்து மகனிடம் பேசுகிறார். வேடர் வேறு, தந்தை வேறு. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் அம்மையார் காலமானார். அதன் பிறகு லூகாஸ் தாமே எழுதிய நகலில்தான் இருவரும் ஒருவர் ஆனார்கள். ஆகவே 1977-ஆம் வருஷத்தில் யாராவது பெட்டியை உடைத்துத் திறந்திருந்தாலும் உள்ளே அந்த விடை கிடைத்திராது.

இனி, களவின் கதையைப் பார்ப்போம். 2019-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியான ஒன்பதாவது படத்தில் நடித்த ஜான் பொயேகா என்பவர், தாம் குடியிருந்த வீட்டை மாற்றியபோது கட்டிலுக்கடியில் கதைப் பிரதியை வைத்து மறந்துவிட்டுப் போனார். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர் கையில் அது கிடைத்தது. பிறகு ஈபே என்னும் ஏல அங்காடியில் அது விலைக்கு வந்துவிட்டது. கேட்ட விலை சுமார் 65 பவுன்! கோடிக்கணக்கான ரூபாய் முதலிட்ட படத்தின் அந்தரங்கம் ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைக்கு வந்தது. கம்பெனியார் கண்டுபிடித்து மீட்டுக்கொண்டார்கள். இந்தச் சங்கதியை அந்த நடிகரே பின்னர் சிரித்துக்கொண்டு வெளியிட்டார். ஆனாலும் அப்படத்தின் கதையைப் பற்றி மெய்யும் பொய்யுமாகப் பல துணுக்குகள் வெளியாகும் முன்பே உலாவத்தான் செய்தன.

ஊகம் ஒன்று, களவு ஒன்று. முடிவை முன்னதாக அறிவதே இரண்டின் நோக்கமும் என்று தோன்றலாம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும். பரீட்சைக்கு இன்ன கேள்வி வரலாம் என்று ஊகிக்கிற மாணவன் புத்தகத்தை நான்கு முறை புரட்டுகிறான். ஆசிரியரின் மனம் எப்படி ஓடும் என்று சிந்திக்கிறான். ஊகம் பலிக்காவிட்டாலும் அவன் படித்தது அவனிடம் இருக்கிறது. கேள்வித்தாளை விலைக்கு வாங்கியவனோ புத்தகத்தைத் தொடுவதில்லை. கேள்வி சரியாகவே வந்தாலும் அவன் வெறுங்கையனே. அதோடு நில்லாமல், பக்கத்து மாணவனுக்கும் அதைச் சொல்லி அவன் உழைப்பையும் பாழாக்குகிறான்.

"முடிவு தெரிந்தால் என்ன குடி முழுகிவிட்டது? ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதானே காலட்சேபத்துக்குப் போகிறோம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேல்நாட்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2011-ஆம் வருஷம் கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஸான் டீகோ கிளையில், லெவிட், கிறிஸ்டன்பெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை எடுத்துப் பலரைப் படிக்கச் செய்தார்கள். முடிவை முன்கூட்டி அறிந்து படித்தவர்களே கதையை அதிகமாக ரசித்ததாகக் கண்டார்கள். 2015-ஆம் வருஷத்தில் ஜான்ஸன், ரோஸன்பாம் என்ற வேறு இருவர் ஆராய்ந்தபோது, முடிவு தெரிந்ததால் சுவை குறைந்ததாகத் தெரிய வந்தது. பண்டிதர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழக்குக்கு நம்மிடம் ஒரு பழைய சாட்சி உண்டு. ஜோஸப் காம்ப்பெல் என்ற அமெரிக்க அறிஞர் பல தேசத்துப் புராணங்களை ஒப்பிட்டு 1949-ஆம் வருஷத்தில் எழுதிய நூலுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக லூகாஸ் கூறியிருக்கிறார். காம்ப்பெல் பாரத நாட்டுப் புராணங்களில் ஆழ்ந்தவர். இந்தியத் தத்துவத்தையும் கலையையும் பற்றி ஸிம்மர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் விட்டுச் சென்ற எழுத்துக்களைப் பதிப்பித்தவர். ஆகவே லூக்கின் கதையைக் கேட்கும்போது நமக்குக் கர்ணன் ஞாபகம் வந்தால் அது முற்றிலும் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. அங்கே மகன் தந்தையை அறியாமல் வாளெடுக்கிறான். இங்கே மகன் தாயை அறியாமல் தம்பியருக்கு எதிராக வில்லெடுக்கிறான்.

ஆனால் வியாசர், கர்ணன் பிறந்த ரகசியத்தை நமக்கு வெகு முன்னதாகவே சொல்லிவிடுகிறார். கர்ணனுக்குத்தான் தெரியாது. சபை நடுவே அவன் குலத்தைக் கேட்டு நகைக்கும்போது, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதால் நெஞ்சு பதறுகிறது. லூகாஸோ லூக்குக்கு எப்போது தெரிகிறதோ, அப்போதே நமக்கும் தெரியச் செய்தார். ஆகவே அவனோடு நாமும் அந்தரத்தில் தொங்கினோம். இரண்டும் நல்ல வழிகளே. எதை எப்போது சொல்வது என்பதும் கதையில் ஒரு பாகம். முடிவைத் திருடி விற்கிறவன் அபகரிப்பது வெறும் செய்தியை அன்று. கதை சொல்பவன் நமக்காகக் குறித்து வைத்திருந்த அந்த வேளையை.

இப்படிச் சொல்வதால் ஊகிப்பவர்களிடம் குற்றமே இல்லை என்று ஆகாது. 2015-ஆம் வருஷத்தில் வந்த ஏழாவது படத்தில் ரே என்ற அநாதைப் பெண் தோன்றினாள். அவள் லூக்கின் மகளா, லூக்கின் குருவுக்குப் பேத்தியா என்று இரண்டு வருஷம் ஊகம் பறந்தது. 2017-இல் வந்த படத்தில் டைரக்டர் ரையன் ஜான்ஸன் விடை சொன்னார்: அவள் பெற்றோர் பெயர் தெரியாத எளியவர்கள்; குடிக்கக் காசுக்காகப் பெண்ணை விற்றவர்கள். பெருமை பிறப்பில் இல்லை என்று சொன்ன விடை அது. நம் நாட்டில் எத்தனையோ பெரியோர்கள் பாடுபட்டுச் சொன்னதும் அதுவே. ஆனால் தங்கள் ஊகம் பொய்த்ததைப் பொறாத ரசிகர் சிலர், அந்தப் படத்தையே கதை வரிசையிலிருந்து நீக்க வேண்டும் என்று மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள்! 2019-ஆம் வருஷப் படத்தில் அவள் பழைய கொடுங்கோல் சக்கரவர்த்தியின் பேத்தி என்று ஆகிவிட்டது. கோபித்த ரசிகர்களைச் சாந்தப்படுத்தவே இப்படிச் செய்தார்கள் என்று விமரிசகர் பலர் எழுதினார்கள். ஊகம் விளையாட்டாக இருக்கும் வரையில் கதைக்கு உரம். உரிமையாக மாறினால் வேருக்கே வெந்நீர்.

ரகசியத்தைக் காப்பதிலும் ஓர் எல்லை வேண்டும். 2015-இல் ஏழாவது படம் வெளியாக ஒரு மாதத்துக்கு மேல் இருக்கையில், புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்த ஒரு ரசிகர், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட விரும்பினார். அந்த விருப்பத்துக்கு நடிகர்களும் ஆதரவு தெரிவித்தார்கள். எந்தப் பத்திரிகைக்காரனையும் உள்ளே விடாத கம்பெனியார், முற்றும் முடியாத படத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். சில தினங்களில் அவர் காலமானார். கதவு அன்று திறந்தது நியாயம் என்று சொல்லாதவர் யார்? காத்திருக்க நாள் உள்ளவர்களுக்காகவே அந்தப் பூட்டு. நாளில்லாதவருக்கு அதை மாட்டி என்ன பயன்?

நம் வீடுகளிலும் இக்காலத்தில் இவ்வகைப் படங்களைப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். அவர்கள் இராச் சாப்பாட்டின்போது, அடுத்த கதையில் யார் பிழைப்பார், யார் மாறுவார் என்று வாதாடினால் அதட்ட வேண்டாம். அவர்கள் காரணம் தேடவும், சான்று காட்டவும், பிறர் சொல்வதைக் கேட்கவும் பழகுகிறார்கள். முடிந்தால் பெரியவர்களும் ஓர் ஊகத்தைச் சொல்லி வைக்கலாம். பெரும்பாலும் தோற்றுப்போவோம், அது பிள்ளைகளுக்குப் பரம திருப்தி. ஆனால் முதல் நாளே பார்த்துவிட்டு வருகிற மூத்தவன், இன்னும் பார்க்காத தங்கையிடம் முடிவைச் சொல்ல வாயெடுத்தால், அவன் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணிப்பது பெற்றோர் கடமை.