கிளாஷுக்கு முந்தைய ஜோ ஸ்டிரம்மர்

டீ ஆறுவதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிளாஷ் குழுவின் ஜோ ஸ்டிரம்மர் பங்க் பாடகர்தானே, அவருக்கும் பப் ராக்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் பெரிதுதான். கிளாஷுக்கு முன் ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் பிழைப்பே அதில்தான் ஓடியது. ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன.

பப் ராக் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராக் இசை பெரிய அரங்குகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும். மேடை நிறைய கீபோர்டுகள். 1971இல் எக்ஸ் ஓவர் ஈஸி என்ற அமெரிக்கக் குழு, லண்டன் கென்டிஷ் டவுனில் டாலி ஹோ என்ற பப்பில் வாசிக்கத் தொடங்கியது. மற்றவர்களும் அந்த வழியில் வந்தார்கள். பழைய ரிதம் அண்ட் புளூஸ், ராக் அண்ட் ரோல், சின்னச் சின்னப் பாட்டு, எதிரே பீர் கோப்பையோடு நிற்கும் கூட்டம். கேன்வி தீவிலிருந்து வந்த டாக்டர் ஃபீல்குட் தங்கள் முதல் ஆல்பத்தை 1975இல் மோனோவிலேயே வெளியிட்டார்கள். அந்த ஒரு காரியமே இவர்களுடைய மனப்போக்கைச் சொல்லிவிடும்.

ஸ்டிரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். 1952இல் அங்காராவில் பிறந்தவர். அப்பா லக்னோவில் பிறந்த ஆங்கிலேயர், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை. உறைவிடப் பள்ளி, பாதியில் விட்ட கலைக் கல்லூரி, நியூபோர்ட்டில் கல்லறை வேலை, லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் டைமன் டாக் என்ற இசைக்கலைஞர் வாசிக்கக் காசு வசூலிக்கும் வேலை என்று பையன் சுற்றினான். 1974இல் வால்டர்டன் ரோடு 101ஆம் எண் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆளில்லாமல் கிடந்த அந்த வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் குடியேறிய இளைஞர்கள் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி அப்படிக் குடியிருப்பது குற்றமல்ல. உரிமையாளர்தான் வழக்குப் போட்டு வெளியேற்ற வேண்டும். வாடகை இல்லை, சத்தம் போட்டுப் பயிற்சி செய்யலாம். ஒரு இசைக்குழுவுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டு எண்ணே பெயராகி 'தி 101யர்ஸ்' பிறந்தது. ஆர்வெல் நாவலின் 101ஆம் அறையிலிருந்து வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள்; நம்பாதீர்கள்.

ஸ்டிரம்மர் இடதுகைக்காரர். ஆனாலும் கிதாரை வலதுகைக்காரர்களைப் போலப் பிடித்தார். கம்பியைத் தட்டும் கை பழகாத கை, நுணுக்கமாக ஒவ்வொரு கம்பியாக மீட்ட அது ஒத்துழைக்காது. ஆறு கம்பியையும் சேர்த்து அடிப்பார், அவ்வளவுதான். அதுவரை ஊடி என்று அழைக்கப்பட்டவர் 1975இல் தனக்கு ஸ்டிரம்மர் (கம்பிகளைச் சேர்த்து அடிப்பவர்) என்று பெயர் வைத்துக்கொண்டதும் அதை வைத்துத்தான். லீட் கிதாரின் சிங்காரமெல்லாம் கிளைவ் டிம்பர்லியின் பொறுப்பு.

1976இல் சிஸ்விக் ரெக்கார்ட்ஸ் என்ற குட்டி நிறுவனம் 101யர்ஸைப் பதிவுசெய்தது. அதை நடத்திய டெட் கேரல் பழைய இசைத்தட்டு வியாபாரி. இடம் இஸ்லிங்டனில் பாத்வே என்ற சின்ன ஸ்டூடியோ, எட்டு டிராக் டேப். ஒரு டேப்பில் எட்டு தனி வரிசைகள்தான் என்றால் டிரம், பேஸ், இரண்டு கிதார், குரல் என்று எடுத்ததுமே பெரும்பகுதி நிரம்பிவிடும். அடுக்கி அலங்கரிக்க வழியில்லை. பப்பில் வாசித்தது போலவே வாசிக்க வேண்டும். 'கீஸ் டு யுவர் ஹார்ட்' அப்படி வந்த பாட்டு. சாதாரணக் காதல் பாட்டுதான். ஆனால் குரலைக் கவனியுங்கள்: பாதிச் சொல்லை விழுங்கி மீதியைக் குரைப்பது போலத் துப்பும் அந்தக் குரல் அப்போதே முழுசாக இருக்கிறது.

அதனால்தான் அவர் பப் ராக்கிலிருந்து பங்க்குக்கு மாறியதாக வழக்கமாகச் சொல்லப்படும் மதமாற்றக் கதையை நான் பாதிதான் ஏற்கிறேன். 1976 ஏப்ரல் 3ஆம் தேதி லண்டன் நாஷ்வில் ரூம்ஸில் 101யர்ஸுக்கு முன்னோட்டமாக வாசிக்க செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் வந்தார்கள். கூட்டத்தைப் பற்றிக் கவலையே படாத அவர்களைப் பார்த்ததும், தன் குழு பழங்கதையாகிவிட்டது என்று ஸ்டிரம்மருக்குப் பட்டது. சில வாரங்களில் 101யர்ஸ் கலைந்தது. ஜூலை 4ஆம் தேதி ஷெஃபீல்டில் கிளாஷின் முதல் கச்சேரி. முடிவெட்டு, சட்டை, பேச்சு எல்லாம் மாறின. காதலை விட்டுவிட்டுச் சுற்றி நடப்பதை எழுதுங்கள் என்று மேலாளர் பெர்னி ரோட்ஸ் சொன்னார். கிளாஷின் மிக் ஜோன்ஸ் மெட்டு கொடுத்தார். இத்தனை மாறியும் குரலும் அந்த டெலிகாஸ்டர் கிதார் அடியும் பழைய சரக்கு.

'கீஸ் டு யுவர் ஹார்ட்' சிங்கிள் கடைக்கு வந்தபோது 101யர்ஸ் குழுவே இல்லை. சிஸ்விக்கின் மூன்றாவது வெளியீடு அது. இரண்டாவது, வின்ஸ் டெய்லர் 1959இல் பாடிய 'பிராண்ட் நியூ கெடிலாக்'கின் மறுவெளியீடு. அதே பாட்டைத்தான் கிளாஷ் 1979இல் 'லண்டன் காலிங்' ஆல்பத்தில் எடுத்துப் பாடியது. பழையதை எரித்துவிட்டோம் என்று அறிவித்தவர்களின் அலமாரி எப்படி இருந்தது பாருங்கள்!

101யர்ஸின் மிச்சப் பதிவுகள் 1981இல் 'எல்ஜின் அவென்யூ பிரேக்டவுன்' என்று ஆல்பமாக வந்தன. 2002இல் ஸ்டிரம்மர் இறந்தபின், 2005இல் விரிவாக்கிய பதிப்பு. முழுதாகக் கேட்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். நீண்ட 'குளோரியா' மேடைப் பதிவு எனக்குச் சலிப்பு. சிங்கிளிலிருந்து தொடங்குங்கள். பிறகு 'ஜங்கோ பார்ட்னர்'. அது நியூ ஆர்லியன்ஸ் பாட்டு. கிளாஷ் 1980இல் 'சாண்டினிஸ்டா!'வில் ரெகே தாளத்தில் போட்டது. கடைசியாக 'லோன்லி மதர்ஸ் சன்'. அதன் பல்லவியைக் கேட்டதும் கிளாஷ் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கிளாஷின் 'ஜெயில் கிதார் டோர்ஸ்' பாட்டு அங்கிருந்து வந்ததுதான்.