மந்திரவாதிகளின் கணினிக்கூடம்

1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஓர் அறையைத் தேடிப் போகிறவருக்கு டோல்கினின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தெரிந்திருந்தால் வசதி. அறைகளுக்கெல்லாம் அந்தக் கதையுலகின் இடப்பெயர்கள்தாம். அங்கிருந்த அச்சுப்பொறியோ, டோல்கின் தன் எல்ஃப் இனத்தாருக்காக உருவாக்கிய எழுத்திலும் அச்சடிக்கும். இத்தனைக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை!

புரோகிராமர்கள் அறிவியல் புனைகதை படிப்பதில் வியப்பில்லை. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்!’ விளையாட்டே, ஈ.ஈ. ஸ்மித்தின் விண்வெளிச் சண்டை நாவல்களைப் படித்த ஜோரில் பிறந்ததுதான். ஆனால் தர்க்கத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு மந்திரவாதியும் டிராகனும் எதற்கு?

நல்ல மந்திரக் கதைகளில் மந்திரம் இஷ்டத்துக்கு வேலை செய்யாது என்பதுதான் விஷயம். உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) நாவலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கே அது கட்டுப்படும். பிறவித் திறமை மட்டும் போதாது. மாணவர்கள் பள்ளியில் உட்கார்ந்து பெயர்களை நெட்டுருப் போடுகிறார்கள். நிரலில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்காகப் பாதி இரவைத் தொலைத்தவர் எவருக்கும் இந்த உலகம் அந்நியமாகத் தெரியாது. சொல் சரியாக இருந்தால் காரியம் நடக்கும். எழுத்துப் பிசகினால் கெஞ்சினாலும் நடக்காது. எம்.ஐ.டி.யின் ஏபெல்சனும் சஸ்மனும் 1985-இல் கொண்டுவந்த பாடநூல், முதல் அத்தியாயத்திலேயே நிரலை மந்திரத்தோடு ஒப்பிட்டது. கணினி அறிவியல் பேராசிரியரான வெர்னர் விஞ்ச் 1981-இல் எழுதிய ‘ட்ரூ நேம்ஸ்’ குறுநாவலில், வலைப்பின்னலுக்குள் மந்திரவாதிகளாக உலவும் ஹேக்கர்கள் தங்கள் சொந்தப் பெயரைக் கண்ணும் கருத்துமாக மறைக்கிறார்கள். தெரிந்துவிட்டால் குடுமி அரசாங்கத்தின் கையில்.

படித்ததைச் செய்து பார்த்துவிடும் துடிப்பும் இவர்களுக்கு உண்டு. ஜான் பிரன்னரின் ‘தி ஷாக்வேவ் ரைடர்’ (1975) நாவலில், கணினி வலைப்பின்னலுக்குள் புகுந்து தானே பெருகும் நாடாப்புழு ஒன்று வருகிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஜான் ஷோக், ஜான் ஹப் இருவரும், சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப் பரவி வேலை செய்யும் நிரல்களை எழுதினார்கள். நாவலைப் பார்த்து, அவற்றுக்குப் புழு என்றே பெயரும் வைத்தார்கள். ஒருநாள் இரவு ஒரு சிறு புழுவை ஓடவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் கட்டடமெங்கும் கணினிகள் முடங்கிக் கிடந்தன. ஒன்றை மறுபடி இயக்கினால், புழு அதையும் பிடித்து முடக்கியது. நல்லவேளையாக, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் கட்டளையொன்றை முன்கூட்டியே உள்ளே வைத்திருந்தார்கள். இந்தக் கூத்தை 1982-இல் அவர்களே ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பரில் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மோரிஸ் புழுவுக்கு அப்படியொரு கட்டளை இல்லை.