மூணு தரம்! கார் ஏலம் மைதானத்தில் நடந்த காலம்

காரைக்குடியில் பழைய கார் வாங்கி விற்கிற வயதான வியாபாரிகள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஏல மைதானத்தில்தான் போய் நிற்கும். யார் எந்த ஜீப்பை எவ்வளவுக்கு எடுத்தார், யாருக்குத் தலையில் கட்டினார்கள், எந்த அம்பாசிடர் வீடு வந்து சேரும் முன்பே ரோட்டில் படுத்துவிட்டது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு அது வேறொரு கிரகத்துக் கதை. அவர்களுக்குத் தெரிந்த கார் ஏலம் செல்போன் திரையில் நடப்பது.

செட்டிநாட்டில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கே இரண்டு முகம். கடன்காரர் கோர்ட்டுக்குப் போய், அமீனா வாசலில் வந்து நின்று, தமுக்கடித்து ஏலம் போட்டால் அந்தக் குடும்பம் ஊரில் தலைநிமிர முடியாது. அதே ஏலம் பிள்ளையார் நோன்பிலோ கோயில் விழாவிலோ நடந்தால் கதை வேறு. உப்பு, மஞ்சள், எலுமிச்சம்பழம் எல்லாம் கடை விலைக்குச் சம்பந்தமே இல்லாத தொகைக்குப் போகும். விலையை ஏற்றிவிடுவதுதான் அங்கே மரியாதை. கார் ஏலத்தில் எல்லாமே தலைகீழ். விலை ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே சாமர்த்தியம். (சொல்லே கப்பலில் வந்ததுதான். போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ தமிழில் ‘ஏலம்’ ஆனது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.)

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ‘கொண்டுவிக்க’ப் போன காலத்தில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குக் கார் புதுசு இல்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்தடுத்து ஜப்பான் படையெடுப்பு, நில தேசியமயம், 1960-களில் வெளியேற்றம் என்று பர்மாவில் போட்ட முதல் கரைந்தது. வீட்டைப் பராமரிக்க முடியாத குடும்பங்கள் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் விற்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பெரிய வீட்டுக் கார் மட்டும் ஏலத்துக்கு வராது. டிரைவர் மூலமோ தரகர் மூலமோ ஓசையில்லாமல் கைமாறிவிடும்.

ஏல மைதானத்துக்கு வந்ததெல்லாம் சர்க்கார் வண்டிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட ஜீப்புகளும் லாரிகளும் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலகட்டத்தில் கார் மட்டும் அல்ல, விமானமும் கைமாறியது. கோட்டையூர்க்காரரான அழகப்பச் செட்டியார் நடத்திய ஜூபிடர் ஏர்வேஸில் பறந்தவை, போர்க்காலத்தில் பேர் எடுத்த டகோட்டா விமானங்கள்தான்.

பழைய வண்டிக்கு ஏன் அத்தனை கிராக்கி? இன்றைய பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்திய ஆலைகளை மூடிக்கொண்டு போய்விட்டன. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவடைப்பு. மிஞ்சியவை கல்கத்தா பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. யாருக்கு எந்த வரிசையில் கார் என்பதையே 1959-இல் ஓர் அரசாணை போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், ஓடிய ஃபியட்டுக்குப் புதுசின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். ஓட்ட ஓட்ட விலை குறையும் சரக்கு கார் என்பது இன்றைய கணக்கு. அன்று அது வீட்டு மனை மாதிரி!

அந்தப் பஞ்ச காலத்தில்தான் அரசு அலுவலகத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் காற்று இறங்கி நின்ற ‘கண்டம்’ ஜீப்புக்கு மவுசு வந்தது. சிவகங்கை 1985-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம்; கலெக்டர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில். ஆகவே காரைக்குடி வியாபாரி ஏலம் என்றால் விடியற்காலை பஸ் பிடித்தாக வேண்டும். பேப்பரில் ஓரமாக, பொடி எழுத்தில் வரும் ஏல அறிவிப்பைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைப்பது தொழிலின் முதல் பாடம்.

பெரிய மீன்கள் வேறு குளத்தில் இருந்தன. தூதரக அதிகாரிகள் வரி இல்லாமல் கொண்டு வந்த கார்களை நாடு திரும்பும்போது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி, பெருநகரங்களில் ஏலம், டெண்டர் மூலம் விற்றது. பென்ஸும் செவர்லே இம்பாலாவும் சினிமாக்காரர்கள் வீட்டுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன. வாங்குவது பெருமை, ஓட்டுவது தலைவலி. ஸ்பேர் கிடைக்காது. லேத்தில் கடைந்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேட வேண்டும். பெட்ரோல் குடித்த பென்ஸின் இன்ஜினை இறக்கிவிட்டு, பஜாஜ் டெம்போ வண்டியின் டீசல் இன்ஜினை ஏற்றியவர்கள் உண்டு. அது ஒன்றும் பாவம் இல்லை. அந்த டெம்போ இன்ஜினே பென்ஸ் வடிவமைப்பு!

கண்ணும் காதும் கட்டை விரலும்

ஏலத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பல சமயம் ஸ்டார்ட்கூட ஆகாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரே வரியில் அரசு கைகழுவிவிடும். ஆகவே வியாபாரிக்கு உடம்புதான் கருவி. ஆயில் குச்சியை இழுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார்கள். நறநறவென்றால் உள்ளே தேய்மானம், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆன வண்டியில் புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் எரிபொருள் மிச்சமாகிப் போகிறது. சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். கதவின் அடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறது என்று அர்த்தம். தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் ஓடிய வண்டி என்றால் தனிக் கவனம். உப்புக்காற்று மேலே பளபளப்பை விட்டுவைத்து, கீழே சேஸை அரித்திருக்கும்.

வண்டியைப் படித்ததோடு வேலை முடியாது. ஆளையும் படிக்க வேண்டும். எந்த வண்டி பக்கத்தில் யார் ரெண்டு தரம் வந்து நின்றார், யார் பார்க்காத மாதிரி பார்த்தார் என்பதெல்லாம் கணக்கில் வரும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய ஊர் இது. முகத்தில் எதையும் காட்டாத வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு ஏலம். “ஒரு தரம்… ரெண்டு தரம்…” அதிகாரி இழுக்கும் அந்த இடைவெளியில் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாய் தவறி அதிகம் கேட்டுவிட்டு வியர்ப்பவர் இருப்பார். பலருக்குத் தெரியாத விஷயம், 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி ‘மூணு தரம்’ சொல்லி முடிக்கும் வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். ஏல நிபந்தனையில் வேறு மாதிரி போட்டிருந்தால் டெபாசிட் போய்விடும் என்பதால் யாரும் துணிவதில்லை.

சொல்லத் தயங்கும் கதை

டீக்கடையில் குரல் தாழ்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் சிண்டிகேட். உதாரணமாக, 20,000 ரூபாய் பெறும் ஜீப் ஒன்று. வந்திருப்பவர்கள் ஐந்து வியாபாரிகள். ஒருவர் மட்டும் வாயைத் திறப்பார். மற்ற நால்வரும் மௌனம். ஜீப் 12,000-க்கு முடியும். அப்புறம் வெளியே வந்து தங்களுக்குள் ஓர் ஏலம் போடுவார்கள். அது 18,000 வரை போகும். இடையில் உள்ள 6,000 ரூபாயை மற்ற நால்வரும் ஆளுக்கு 1,500 என்று பிரித்துக்கொள்வார்கள். வண்டி எடுக்காமலே காசு! நஷ்டம் யாருக்கு? அரசு கஜானாவுக்கு, அதாவது ஊருக்கு. வெளியாள் ஒருவர், கல்யாணத்துக்கு முன் சொந்தமாக ஒரு ஜீப் வாங்கிவிடலாம் என்று ஆசையோடு வந்தால், அவர் பயந்து ஓடும் வரை விலையை ஏற்றிவிடுவார்கள்.

இதை ‘அந்தக் காலத்து ஒற்றுமை’ என்று சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். ஒற்றுமைதான், ஆனால் நியாயம் இல்லை. குறைந்தபட்ச விலை நிர்ணயம், மூடி முத்திரையிட்ட டெண்டர் என்று அரசு சமாளித்துப் பார்த்தது. 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் இப்படிக் கூடிப் பேசி ஏலம் கேட்பதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது.

மைதானத்தை உண்மையில் காலி செய்தது வேறு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. காத்திருப்பு மெல்ல மெல்லக் குறைந்தது, பழைய காரின் ராஜ்ஜியமும் சரிந்தது. 2014-இல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றது. மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் ஏலத்தை இணையத்துக்குக் கொண்டுபோனது. சேலத்தில் உட்கார்ந்திருப்பவரும் சிவகங்கை வண்டிக்கு விலை கேட்கலாம் என்றானபின், யாரை யார் மௌனமாக இருக்கச் சொல்வது? கடைசி அடி 2023 ஏப்ரல் 1. அன்று முதல் 15 வருஷம் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் அவை போக வேண்டும். கண்டம் ஜீப்பைத் தட்டி, பட்டி பார்த்து, வெள்ளாமைக்காரருக்கு விற்ற தொழில் அதோடு முடிந்தது.

அதே நாளில் பழைய கார் வியாபாரிகளுக்கும் புது விதி வந்தது. போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டி கைக்கு வந்ததைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. இது வீட்டில் கார் விற்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டிய சங்கதி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோவது இங்கே ரொம்பக் காலப் பழக்கம். அந்த வண்டி நாலு கை மாறி எங்கோ மோதினால், ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாயால் கேட்கும் ஏலம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளையும் உரிமை கோராத வண்டிகளையும் மாவட்டக் காவல்துறைகள் மைதானத்தில் நிறுத்தி இன்றும் ஏலம் விடுகின்றன. ஆதார் அட்டையும் முன்பணமும் கொண்டுபோனால் யாரும் கேட்கலாம். எடுத்த விலையோடு ஜி.எஸ்.டி. சேரும். போகிறவர்கள் முந்தைய நாளே போய், வண்டியின் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்வது நல்லது. ஏலத்தில் எடுத்தபின் 30 நாளுக்குள் படிவம் 32-ஐ நிரப்பி, ஏல ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். காந்தத்தை மறக்க வேண்டாம்.