உஷார்! அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பாதீங்க

பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் இது. ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப், தெரு குரூப், சீட்டு குரூப், கோயில் திருவிழா குரூப், எதுவானாலும் சரி. "வடநாட்டு ஆளுங்க இறங்கியிருக்காங்க, புள்ளைங்களத் தூக்குறாங்க, உடனே எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று ஒரு குரல் வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இதே மாதிரி மெசேஜ்களால் நம்ம பக்கத்தில் ஏற்கெனவே ஓர் உயிர் போயிருக்கிறது.

2018 மே 9, பழவேற்காடு. ஊர், பேர் எதுவும் தெரியாத ஒரு மனிதர் அங்கே சுற்றிக்கொண்டிருந்தார். மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று பிறகு செய்தி வந்தது. பிள்ளை பிடிக்க வந்தவன் என்று சந்தேகப்பட்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் இன்னொரு கொலை. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பம், வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்தது. வயதான அம்மா ஒருவர் இறந்தார், கூட வந்தவர்களுக்குப் பலத்த அடி. அவர்கள் தமிழர்கள், தமிழில்தான் கெஞ்சியிருப்பார்கள். "நம்ம பாஷை பேசினா ஒண்ணும் ஆகாது" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றின் கதையைக் கேளுங்கள். தெருவில் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடும், பெற்றோரை எச்சரிக்கும் அட்டை ஒன்றைக் காட்டும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம் ஊர் ஊராக ஆட்களை அடிக்கக் கிளப்பிவிட்டது. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் தூலே மாவட்டத்தில், இதே பிள்ளை பிடிக்கும் வதந்தியால் ஒரே இடத்தில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் கம்பெனி முழித்துக்கொண்டது. ஒரு மெசேஜை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் தள்ள முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020-ல், பல கை மாறி வந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். மெசேஜின் தலையில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது அந்த வகை. ஆனால் அம்புக்குறி இல்லையே, அப்போ நிஜம்தான் என்று எண்ணாதீர்கள். வீடியோவைப் போனில் சேமித்துப் புதுசாகப் போட்டால் அம்புக்குறி போய்விடும். கேட்டதைத் தன் குரலில் மறுபடி பேசி அனுப்பினாலும் அப்படித்தான். இதில் இரண்டாவது ரகத்தைப் பாருங்கள். ஒருவர் கேட்ட "செங்குன்றத்துல" என்பது, அடுத்தவர் வாயில் "நம்ம பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்துல" என்று ஆகிவிடுகிறது. சொல்பவர் உங்க எதிர்வீட்டு அண்ணன், தெரிந்த குரல். அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

வதந்தி எதிர்ப்பக்கமாகவும் வெட்டும். 2023 மார்ச்சில் "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள்" என்று வீடியோக்கள் இந்தியில் பறந்தன. அவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு வீடியோ வெளியிட்டு விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் எத்தனையோ தொழிலாளர்கள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குவது முதல் லோடு ஏற்றுவது வரை பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் கைகள்தான். அவர்கள் போனிலும் குரூப் உண்டு. நம்மைப் பற்றி அங்கே ஒரு பயம், அவர்களைப் பற்றி இங்கே ஒரு பயம். இரண்டும் ஒரே ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போகின்றன.

இப்போது நிலைமை இன்னும் மோசம். நாட்டில் எங்குமே நடக்காத சம்பவத்தை ஏஐ வைத்து வீடியோவாக்க முடியும். போலீஸ் அதிகாரி குரலில் எச்சரிக்கை தயாரிக்க முடியும். 2018-ல் வெட்டி ஒட்ட ஒரு பழைய வீடியோவாவது தேவைப்பட்டது.

"அப்போ பயமே வேண்டாமா? ஆரம்பாக்கத்தில் நடந்தது பொய்யா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் அங்கே ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை நிஜம். பெற்றவர்களின் பயமும் நிஜம். அந்த வழக்கில் சிசிடிவி படத்தை வெளியிட்டுத் தகவல் கேட்டது போலீஸ். ஆள் பிடிபட்டதும் விசாரணையில்தான். அன்றைக்கு முகம் லேசாக ஒத்துப்போகும் எவனையாவது ஒரு தெரு பிடித்து அடித்திருந்தால் உண்மையான குற்றவாளி நிம்மதியாக ரயில் ஏறியிருப்பான். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, வீடு எதையும் பரப்பக்கூடாது என்று போக்சோ சட்டம் சொல்கிறது. "நியாயம் கேட்கிறோம்" என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

இதே மண்ணில்தான் 2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போகிற வண்டி. இருட்டில் ஓடிப்போய்ப் பெட்டிகளிலிருந்து ஆட்களை இறக்கியதில் ஊர்க்காரர்கள் முன்னால் நின்றார்கள். நேரில் பார்த்தபோது வராத சந்தேகம் போனில் பார்க்கும்போது வருகிறது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

சரி, மெசேஜ் வந்துவிட்டது. என்ன செய்வது? தேதி இருக்கிறதா, எந்த ஸ்டேஷனில் புகார், யார் வீட்டுக் குழந்தை என்று குரூப்பிலேயே கேளுங்கள். பெரும்பாலும் "எனக்கும் வந்துச்சு, அதான் போட்டேன்" என்ற பதில்தான் வரும். அட்மின் அந்தப் பதிவை எல்லோருக்கும் அழிக்கலாம், அட்மின் மட்டுமே பேசும்படி குரூப்பைக் கொஞ்ச நேரம் பூட்டியும் வைக்கலாம். அரசின் தகவல் சரிபார்ப்பகம் அந்த வதந்தியை மறுத்திருக்கிறதா என்று பாருங்கள். வதந்தி பரப்பிப் பகையை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் 103(2): ஆயுள் அல்லது தூக்கு.

தெருவில் நிஜமாகவே ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் 112. குழந்தை விஷயம் என்றால் 1098. போர்வை விற்கிறவராக இருக்கலாம், ரூம் தேடுகிறவராக இருக்கலாம், ஷிப்ட் முடிந்து வழி தவறியவராக இருக்கலாம். தமிழில் அதட்டினால் திருதிருவென முழிப்பார், அந்த முழியே குற்றமாகத் தெரியும். பக்கத்து ஹோட்டலில் இந்தி தெரிந்த பையன் இருப்பான், அவனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். கூட்டம் கூடத் தொடங்கினால் அந்த ஆளைக் கடைக்குள் உட்காரவைத்து ஷட்டரை இறக்குங்கள். போலீஸ் வரும்வரை யாரும் வீடியோ எடுக்க வேண்டாம். எடுத்தவர் அதை எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம்.